விலை சொல்லாத விடைகள்

ஒருவருக்கு எது வேண்டும் என்பதை அறியப் பொருளியலில் இரண்டு வழிகள் உண்டு. அவர் என்ன வாங்குகிறார் என்று பார்ப்பது ஒன்று. அவரையே கேட்பது மற்றொன்று. முதல் வழிக்கு 1938இல் பால் சாமுவேல்சன் இலக்கணம் வகுத்தார். மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்ற ஆராய்ச்சியே வேண்டாம், கைக்காசுக்கு எட்டும் பொருள்களில் எதை ஒருவர் எடுக்கிறாரோ அதுதான் அவருடைய விருப்பம் என்பது அதன் சாரம். ஆனால் தூய காற்றும் நோய் பரப்பாத தண்ணீரும் எண்ணெய் படியாத கரையும் எந்தக் கடையிலும் தொங்குவதில்லை. அவற்றுக்கு, இல்லாத சந்தை ஒன்றைச் சொற்களால் கட்டி, இதைப் பெற மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று வீடு வீடாகக் கேட்கும் முறை வந்தது. பின்னாளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியரான எல். வெங்கடாசலம் 2004இல் எழுதிய மதிப்பாய்வு இந்த முறையின் சிக்கல்களை ஒவ்வொன்றாக எடுத்து அலசுகிறது. கேள்விகளை எந்த வரிசையில் கேட்டார்கள், முதலில் எந்தத் தொகையைச் சொன்னார்கள், எவ்வளவு விவரம் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தெல்லாம் விடை மாறிவிடுகிறது. இவற்றைச் சரிசெய்யப் புள்ளியியலில் வழிகள் உண்டு. ஆனால் அத்தனை திருத்தங்களுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை அசையாமல் கிடக்கிறது. விருப்பம் என்பது கேட்பதற்கு முன்பே ஆளுக்குள் முழுதாக இருக்கிறது, நல்ல கேள்வி அதை வெளியே கொண்டுவந்துவிடும் என்ற நம்பிக்கை அது. கடலோரச் சிற்றூர்கள் இரண்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அது ஆட்டம் காண்கிறது.

காவிரிப் படுகையின் கரையில் பட்டினச்சேரி என்ற பெயரில் இரண்டு மீனவ ஊர்கள் உள்ளன. ஒன்று காரைக்கால் மாவட்டத்தில் திருமலைராயன்பட்டினத்தை ஒட்டியது. மற்றது சில கிலோமீட்டர் தெற்கே, தமிழ்நாட்டின் நாகூரைச் சேர்ந்தது. 1954 நவம்பர் வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் உண்டான எல்லை இது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டாகக் காரைக்கால் நான்கு பக்கமும் தமிழ்நாட்டுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது. இரண்டு பட்டினச்சேரிக்கும் கடல் ஒன்றுதான், மீன் ஒன்றுதான், கொள்வினை கொடுப்பினையும் உண்டு. வேறுபடுவது அரசாங்கம். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்குச் சாதாரணமாக மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. புதுச்சேரியிலோ 2015 செப்டம்பரில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரவேண்டிய தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் திட்டம் தொடங்கியது. நாட்டிலேயே இதை முதலில் ஏற்றவை சண்டிகரும் புதுச்சேரியும்தான். காலப்போக்கில் புதுச்சேரி அரசின் இலவச அரிசியும் பணமாக மாறியது: வறுமைக்கோட்டுக்கு மேலுள்ளவரின் மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்கு 300 ரூபாய், கீழுள்ளவரின் சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்கு 600 ரூபாய். ரேஷன் கடைகள் பூட்டப்பட்டன. ஒரே கரையில், ஒரே தொழில் செய்யும் மக்களில் ஒரு பாதிக்கு அரிசியும் மறு பாதிக்குப் பணமும் என்ற இந்த நிலை, ஆராய்ச்சியாளர்கள் எங்கெங்கோ தேடும் இயற்கைச் சோதனையாக இருந்தது.

பாடநூல் இந்த இடத்தில் தயங்குவதில்லை. 600 ரூபாயைக் கையில் கொடுத்தால் அரிசி வேண்டியவர் அரிசி வாங்கிக்கொள்வார், மருந்து வேண்டியவர் மருந்து வாங்கிக்கொள்வார். ஆகவே பணம் ஒருபோதும் அரிசிக்குக் குறைந்ததாகாது. வரைபடத்தில் இரண்டு கோடுகள் இழுத்து முதலாண்டு மாணவருக்கே நிறுவிக் காட்டிவிடலாம். புதுச்சேரியில் நடந்தது இதற்கு நேர்மாறு. அரிசியாகவே தரவேண்டும் என்று புதுச்சேரி அமைச்சரவை கேட்டது, பணமாகத்தான் தரவேண்டும் என்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நின்றார். முதல்வர் நாராயணசாமி வழக்குப் போட்டார். 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் பணத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனாலும் கோரிக்கை அடங்கவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் மூடிக் கிடந்த ரேஷன் கடைகளே பெரிய பேச்சாக இருந்தன. அந்த ஆண்டு அக்டோபரில், தீபாவளியை ஒட்டிக் கடைகள் மறுபடி திறக்கப்பட்டு அரிசியும் சர்க்கரையும் வழங்கப்பட்டன. குறைந்தது என்று நிறுவப்பட்ட ஒன்றை மக்கள் ஏன் இத்தனை ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள் என்பது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல. அறியாமை என்று சொல்வது அவமதிப்பு, அது விடையும் ஆகாது.

ரீதிகா கேரா 2011இல் தமிழ்நாடு உள்பட 9 மாநிலங்களில் சுமார் 1,200 குடும்பங்களிடம் நடத்திய ஆய்வு இதற்கு ஒரு வாசல் திறக்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பணத்தைவிடத் தானியமே வேண்டும் என்றனர். அதைவிட முக்கியமானது அவர்கள் எங்கிருந்தார்கள் என்பது. ரேஷன் கடை ஒழுங்காக நடந்த மாநிலங்களில் தானியத்துக்கு ஆதரவு மிகுந்திருந்தது. கடை என்ற பெயரில் ஏமாற்று மட்டுமே நடந்த பீகாரில் பணத்தைக் கேட்டவர்கள் அதிகம். கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் நிதி ஆயோக்குக்காகப் புதுச்சேரி உள்ளிட்ட ஒன்றியப் பிரதேசங்களில் சுற்றுச் சுற்றாகக் கண்காணித்தபோதும் விருப்பம் நிலையாக நிற்கவில்லை. பணம் வந்து சேர்வது சீராகச் சீராகப் பணத்துக்கு ஆதரவு கூடியது. ஆக, அரிசியா பணமா என்ற கேள்விக்கு வரும் விடை அந்த வீட்டின் சுவையைச் சொல்வதைவிட, அந்த வீடு எதில் எத்தனை முறை கைவிடப்பட்டது என்பதையே அதிகம் சொல்கிறது. வங்கிக்குப் போக ஆகும் பேருந்துக் கட்டணமும், ஒருநாள் வேலை கெடுவதும், குறுஞ்செய்தி வந்தும் கணக்கில் பணம் ஏறாத மாதமும் அந்த விடைக்குள் இருக்கின்றன. சாப்பாட்டு அரிசி கிலோ 50 ரூபாயைத் தாண்டிய பிறகும் 30 ரூபாய்க் கணக்கில் நின்ற தொகையும் அதில் இருக்கிறது.

மீன்பிடிக் குடும்பத்தின் வரவைக் கவனித்தால் இது இன்னும் விளங்கும். ஃபைபர் படகு கரையேறியதும் மீன் ஏலம் போகிறது. டீசலும் ஐஸும் முன்பணமும் கழிந்து, படகுக்கும் வலைக்கும் உரியது போக மிஞ்சுவது பங்காகப் பிரிகிறது. ஒருநாள் 2,000 ரூபாய் வரலாம், அடுத்த நான்கு நாள் எண்ணெய்க் காசுக்கே முட்டலாம். ஐப்பசி, கார்த்திகையில் கடல் விடாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். இப்படி ஏறி இறங்கும் வரவில் 600 ரூபாய் வந்து சேரும்போது, கலந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. மூலையில் ட்ரம்மில் கொட்டிய அரிசி அப்படிக் கலப்பதில்லை. கடன்காரர் வாசலில் நின்றாலும் அதை அள்ளிக்கொண்டு போகமாட்டார். அமெரிக்காவில் ஹேஸ்டிங்ஸ், ஷாபிரோ என்ற இரு பொருளியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதே நடத்தையை அங்கும் கண்டது. உணவு உதவியாக வந்த ஒவ்வொரு டாலரிலும் 50 முதல் 60 சென்ட் வரை கூடுதல் உணவாகிறது, பணமாக வந்த டாலரில் 10 சென்ட்கூடத் தேறுவதில்லை. பெயரிட்டு வரும் பொருள் பெயரிட்ட இடத்துக்குப் போகிறது. குடும்பத்தைக் கட்டிக் காப்பவருக்கு அந்தப் பெயரே ஒரு வேலி.

இங்கே சுவை என்ன ஆனது என்று கேட்கவேண்டும். ரேஷன் புழுங்கல் அரிசியைக் களைந்து களைந்து கழுவி, கூடுதல் நேரம் வேகவிட்டு, கஞ்சியை வடித்து இறக்கினாலும் அதற்கென்று ஒரு வாடை உண்டு. இரவு மீன் குழம்புக்கு அது போதும், விடிகாலை கடலுக்குப் போகும் முன் குடிக்கும் பழையதுக்கும் போதும். விருந்தாளி வந்தால் பொன்னிதான். எந்த அரிசி பிடிக்கும் என்று கேட்டால் பொன்னி என்பதும், அரிசி வேண்டுமா பணம் வேண்டுமா என்று கேட்டால் ரேஷன் அரிசி என்பதும் ஒரே வாயிலிருந்து வரும் இரண்டு உண்மைகள். மீனிலும் இதே நிலைதான். வஞ்சிரமும் வவ்வாலும் பெரிய இறாலும் ஏலத்தில் போய்விடும், வீட்டுக்கு வருவது மத்தியும் காரப்பொடியும் சுதும்பும். தட்டில் இருப்பதைப் பார்த்துக் கணக்கெழுதும் சாமுவேல்சன் வழி, இவர்களுக்கு மத்தியே விருப்பம் என்று எழுதும். உடலுக்கு நல்ல கொழுப்பு மத்தியில் நிறைய உண்டு என்பதால், ஏழைகள் ஆரோக்கியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றுகூட அந்தக் கணக்கு மேலே போகலாம். இப்போது அந்த மத்திக்கும் போட்டி வந்துவிட்டது. சுருக்குமடி வலையில் டன் கணக்கில் அள்ளப்படுவது, மீன்தூள் ஆலை வழியாகக் கோழிக்கும் வளர்ப்பு இறாலுக்கும் தீவனமாகிறது. தட்டிலிருந்து மத்தி மறைந்தால், விருப்பம் மாறிவிட்டது என்று எழுதுவதா? நடத்தையிலிருந்து நேரே மனத்துக்குப் பாலம் கட்டமுடியாது என்று அமர்த்திய சென் 1973இலேயே எழுதியது இந்த ஒரு தட்டுக்கு முழுக்கப் பொருந்தும்.

உடல்நலத்தில் சிக்கல் வேறு வகை. 2022 ஜூலை தொடக்கத்தில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கோடு நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு வந்தார்கள், பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் ஒரு பொருளியலாளர் வந்து, தூய குடிநீருக்கு மாதம் எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்று கேட்டிருந்தால் ஒரு தொகை கிடைத்திருக்கும். ஆகஸ்டில் கேட்டிருந்தால் வேறொரு தொகை. இரண்டுக்கும் நடுவே மாறியது விருப்பமா, அறிவா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கென்யாவில் பொருளியலாளர் கிரெமரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு வாயால் சொன்ன தொகையை நம்பாமல் கால்களைப் பின்தொடர்ந்தது. பாதுகாக்கப்பட்ட ஊற்றுக்காக மக்கள் எவ்வளவு கூடுதல் தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தபோது, தூய தண்ணீருக்கு அவர்கள் வைத்த மதிப்பு, கேட்டுப் பெற்ற தொகையைவிடக் குறைவாக வந்தது. நேர்த்தியான ஆய்வுதான். ஆனாலும் அதன் முடிவை எப்படிப் படிப்பது என்பதில் மனம் ஒப்பவில்லை. கொடுக்க மனமிருப்பதும் கொடுக்கக் கையிலிருப்பதும் ஒரே எண்ணுக்குள் அடைபடுகின்றன. கிருமி கண்ணுக்குத் தெரிவதில்லை, கொதிக்கவைத்த தண்ணீர் சப்பென்று இருப்பது நாக்குக்குத் தெரிகிறது. நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் கடலோரத்தில் கேன் தண்ணீருக்குக் கொடுக்கும் காசை ஆய்வாளர் தற்காப்புச் செலவு என்று பெயரிட்டு, ஆரோக்கியத்தின் மேல் உள்ள விருப்பமாகக் குறித்துக்கொள்வார். உண்மையில் அது குழாயை நம்பமுடியாததன் செலவு. அரசு செய்யத் தவறியதை வீடு தன் காசில் ஈடுகட்டுகிறது, அந்த ஈடு விருப்பம் என்ற தலைப்பில் அட்டவணைக்குள் போகிறது. ஏழை வீட்டின் ஈடு சிறியது என்பதால் அந்த உயிரின் மதிப்பும் சிறியதாகத் தெரியும் அபாயம் இதில் இருக்கிறது. இந்தத் துறையில் வேறெந்தக் குறையையும்விட இதுதான் பொறுத்துக்கொள்ள முடியாதது.

சுற்றுச்சூழலுக்கு வரும்போது கேள்வியின் வடிவமே வழக்காகிறது. 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் தரைதட்டி, சுமார் 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. அந்தக் கரையை ஒருநாளும் பார்க்கப்போகாத அமெரிக்கக் குடும்பங்களிடம், இனி இப்படி நடக்காமல் தடுக்க எவ்வளவு தருவீர்கள் என்று ரிச்சர்ட் கார்சன் குழு கேட்டது. குடும்பத்துக்கு 31 டாலர் என்ற நடுமதிப்பிலிருந்து இழப்பு 280 கோடி டாலர் என்று வந்தது. எதிர்த்தவர்களும் சும்மா இருக்கவில்லை. எண்ணெய்க் குட்டையில் விழுந்து சாகும் பறவைகளைக் காப்பாற்ற எவ்வளவு தருவீர்கள் என்று கேட்ட ஒரு சோதனையில், 2,000 பறவைக்கு 80 டாலர், 20,000 பறவைக்கு 78 டாலர், 2 லட்சம் பறவைக்கு 88 டாலர் என்று விடை வந்தது. மக்கள் பறவைக்கு விலை சொல்லவில்லை, மனநிறைவுக்கு விலை சொல்கிறார்கள் என்றார்கள். 1993இல் கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் தலைமையேற்ற குழு, கடுமையான விதிகளோடு இந்த முறையை ஏற்கலாம் என்றது. அந்த விதிகளில் ஒன்று, இழப்புக்கு எவ்வளவு ஈடு வாங்கிக்கொள்வீர்கள் என்று கேட்கக்கூடாது, தடுக்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்றே கேட்கவேண்டும் என்பது. ஈடு கேட்டால் தொகை கட்டுக்கடங்காமல் போகும், அதனால் இந்த எச்சரிக்கை. அளவைக்கு அது நல்லது. ஆனால் அந்தக் கேள்வி, கரை தன்னுடையதல்ல, காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே ஒருவரைப் பேசவிடுகிறது.

2023 மார்ச் தொடக்கத்தில், நாகை அருகே பனங்குடியில் உள்ள சிபிசிஎல் எண்ணெய் நிறுவன ஆலையின் கச்சா எண்ணெய்க் குழாய் நாகூர் பட்டினச்சேரிக் கரையில் கசிந்து எண்ணெய் கடலில் கலந்தது. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று மக்கள் சொன்னார்கள். மீனவர்கள் தொழிலுக்குப் போகாமல் நின்றார்கள். கசிவை அடைக்கும் வேலை நடந்துகொண்டிருக்க, அவர்கள் வைத்த கோரிக்கை அடைப்பதைப் பற்றியதே அல்ல, குழாயை அடியோடு அகற்றுங்கள் என்பது. விருப்ப ஆய்வில் இப்படிப்பட்ட விடைக்கு ஒரு பெயர் உண்டு. தொகை சொல்ல மறுப்பவர், அல்லது மறுப்பின் அடையாளமாகப் பூச்சியம் சொல்பவர் எதிர்ப்பு விடை அளித்தவராவார். வழக்கமாக அவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத்தான் சராசரி எடுக்கிறார்கள். பட்டினச்சேரியில் அன்று அப்படிச் செய்திருந்தால் ஊரில் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள். துறைக்குள்ளேயே இதற்கு மாற்று வாசிப்பு இல்லாமலில்லை. மாற்றுப் பொருள் உள்ளவற்றுக்குக் கொடுக்கும் தொகையும் ஈட்டுத் தொகையும் நெருங்கி இருக்கும், மாற்றே இல்லாதவற்றுக்கு அந்த இடைவெளிக்கு எல்லை இருக்காது என்று மைக்கேல் ஹானமன் 1991இல் கணிதமாகவே நிறுவினார். கடல் போனால் வேறு கடல் இல்லாதவர் விலை சொல்ல மறுப்பது, அந்தக் கணிதத்தின்படி மிகத் துல்லியமான விடை. அதைப் பிழை என்று ஒதுக்குவதற்கு வசதியைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. காரைக்கால் பக்கத்துப் பட்டினச்சேரிக் கரைக்கு மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். மீனவர்குலத் தலைவன் மகளை மணந்தவர் என்பதால் ஊரார் அவரை மாப்பிள்ளை என்று அழைத்து வரவேற்பார்கள். மாப்பிள்ளை வந்து இறங்கும் கரைக்கு எவ்வளவு தருவீர்கள் என்று அந்த ஊரில் கேட்கத் துணியும் கணக்கெடுப்பாளர், எந்தப் படிவத்திலும் எழுதமுடியாத விடையோடுதான் திரும்புவார்.

யாரைக் கேட்பது என்பதும் தீரவில்லை. ஆய்வு குடும்பத்தை அலகாகக் கொள்கிறது, தனித்தனியே கேட்டுக் கூட்டுகிறது. சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் பெரிய முடிவுகள் அப்படி உருவாவதில்லை. எந்த வலை கூடும், எந்த நாளில் தொழில் நிறுத்தம், யாரோடு பேச்சுவார்த்தை என்பதையெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்துக் கூடி முடிவெடுக்கிறது. மார்ட்டன் பாவிங்க் 2001இல் வெளியிட்ட நூல் இந்தப் பஞ்சாயத்துகளின் அதிகாரத்தை விரிவாகக் காட்டுகிறது. மக்களைக் கூட்டிவைத்துப் பேசவிட்டு, பேச்சின் முடிவில் மதிப்பைக் கேட்பது அண்மைக்காலத்தில் பொருளியலாளர்கள் சிலர் முன்வைக்கும் வழி. இந்த ஊர்களில் அப்படிப்பட்ட கூட்டம் ஆராய்ச்சிக்கு வெகு முன்பே நடந்துவருகிறது. தனியே கேட்டால் 100 ரூபாய் என்பவர், கூட்டத்தில் பேசிக் கேட்ட பிறகு குழாயே கூடாது என்கிறார். இரண்டில் எது அவர் விருப்பம் என்பதைவிட, எதைச் சொல்ல அவருக்குத் துணை இருந்தது என்று பார்ப்பதே பயனுள்ளது. ஆனால் பஞ்சாயத்தில் வழக்கமாக ஆண்கள்தான் உட்காருகிறார்கள். மீன் கூடையோடு திருமலைராயன்பட்டினம், திருநள்ளாறு, நெடுங்காடு என்று சுற்றி விற்கும் பெண்களுக்கு அங்கே இடமில்லை. அரிசி எத்தனை நாளைக்கு வரும், எந்தக் கடன் பொறுக்கும், எந்தக் குழாய்த் தண்ணீரில் வாடை அடிக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கணக்கு. கணக்கெடுப்பாளர் படிவத்தோடு வரும் காலை 10 மணிக்குக் கடலிலிருந்து திரும்பி உறங்கும் ஆண்களும் முதியவர்களும்தான் வீட்டில் இருப்பார்கள். கூடை இறங்கப் பிற்பகலாகிவிடும்.